தோட்டத்து விலாசத்தோடு ஒரு கனடா மாணவர் அனுமதி

கனடாவுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் மலையகப் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, “எவ்வளவு காசு காட்டணும்?” என்பதுதான். ஹட்டன் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படும் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரங்களும் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும். காசு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் என்னுடைய விண்ணப்பத்தில் காசைவிட அதிகம் வேலை வாங்கியவை, எங்கள் வீட்டாரின் பெயர்களும் காணி உறுதிப் பத்திரம் இல்லாத எங்கள் வீடும்தான். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து விண்ணப்பித்தவர்களிடம் இது பற்றிக் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். பேராதனையில் விவசாய பீடத்தில் படித்து, மண் விஞ்ஞானத்தில் முதுமாணிப் படிப்புக்கு 2025 செப்டெம்பரில் கனடாவின் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தேன். கொலிஜ் டிப்ளோமாவுக்குப் போகிறவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் காசு. கியூபெக்குக்கு வெளியே படிக்கப் போகும் தனி ஆள், முதல் வருடக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் எவ்வளவு காட்ட வேண்டும் என்பது 2023 முடியும்வரை 10,000 கனேடிய டொலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 ஆனது. 2025 செப்டெம்பர் 1 முதல் 22,895. நம் காசில் ஐம்பது இலட்சத்தைத் தொடுகிற கணக்கு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024-இல்தான் 1,350 ரூபா ஆனது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் இதைப் பற்றி நினைத்தே பார்க்கக் கூடாது என்றுதான் தோன்றும்.

நான் நினைத்துப் பார்த்ததற்குக் காரணம் ஆய்வுப் பட்டம். பாடங்களை மட்டும் படித்து முடிக்கிற முதுமாணிக்குக் கையில் காசு வேண்டும். ஆய்வு செய்து முடிக்கிற முதுமாணியில் பல இடங்களில் பேராசிரியரே தன் ஆய்வு நிதியிலிருந்து மாணவருக்கு உதவித்தொகை தருகிறார், அதோடு கற்பித்தல் உதவியாளர் வேலையும் கிடைக்கலாம். அந்தத் தொகையை எழுதிப் பல்கலைக்கழகம் தரும் நிதிக் கடிதத்தை விசா அதிகாரிகள் காசுக்கான சான்றாக ஏற்றுக்கொள்கிறார்கள். இதற்குச் செய்ய வேண்டியது, சேர விரும்பும் தவணைக்கு ஒரு வருடத்துக்கு முன்பே பேராசிரியர்களுக்கு ஈமெயில் எழுதத் தொடங்குவது. பெரும்பாலானவர்கள் பதில் போட மாட்டார்கள். அவர்கள் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையையாவது உண்மையிலேயே வாசித்து, அதில் ஒரு கேள்வியோடு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடுகிறது. “மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி” என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்குத் தினமும் போகின்றன.

உதவித்தொகை எல்லாவற்றையும் மூடாது. டிக்கெட், முதல் மாத வாடகை, குளிர் உடுப்பு என்று கையில் கொஞ்சம் வேண்டும். அந்தக் கொஞ்சம் அம்மாவின் ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசிலிருந்து வந்தது. பெண்கள் 50 வயதில் அதை எடுக்கலாம். அம்மா தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இருந்து பேரை வெட்டிக்கொண்டு, ஈ.பி.எப்., ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியம், சேவைக்காலப் பணம் மூன்றையும் எடுத்தார். நாட்சம்பளக்காரர்களுக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கு. இத்தனை வருடக் கொழுந்துக்கு இதுதானா என்று அப்பா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விசா அதிகாரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். காசு யாருடையதோ அவரது கணக்கின் கடந்த நான்கு மாத வங்கி அறிக்கையை அவர்கள் கேட்பார்கள். மாதா மாதம் சில ஆயிரம் வந்து போகிற கணக்கில் திடீரென்று பல இலட்சம் விழுந்திருக்கிறது. கடன் வாங்கிப் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் காசும் அறிக்கையில் இதே மாதிரிதான் தெரியும். வித்தியாசத்தைக் காட்டுவது கடதாசி மட்டுமே. அம்மாவின் ஈ.பி.எப். கொடுப்பனவுக் கடிதம், சேவைக்காலப் பணக் கணக்கு, தோட்டம் தந்த சேவைக் கடிதம், கடைசி மாதங்களின் சம்பளத் துண்டுகள் ஆகியவற்றை வங்கி அறிக்கைக்குப் பின்னாலேயே வைத்து, அறிக்கையில் அந்த வரவுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு, எந்த எண் எந்தக் கடிதம் என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். சம்பளத் துண்டில் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள் என்று வெட்டியதெல்லாம் இருக்கும். அதையும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். தோட்டத்துச் சம்பளத் துண்டைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர்தான் அதை வாசிக்கப் போகிறார்.

சேவைக் கடிதம் எடுப்பது ஒரு தனிக் கதை. ஒபிஸில் கிளாக்கர் ஐயா, “இப்படியெல்லாம் கடிதம் கேட்டு யாரும் வந்ததில்ல பிள்ள, துரை கையெழுத்து வைப்பாரோ தெரியல” என்றார். துரை என்றால் தோட்ட மேனேஜர். என்ன எழுத வேண்டும் என்பதை நானே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாளே கையெழுத்தாகி வந்தது. மறுத்துவிடுவார்கள் என்று நாம் நினைக்கிற இடத்தில் பாதி நேரம் உண்மையில் இருப்பது, என்ன எழுதுவதென்று தெரியாத தயக்கம்தான்.

அப்புறம் பெயர். என் பிறப்புச் சான்றிதழில் அம்மா லெட்சுமி. அடையாள அட்டையில் லக்ஷ்மி. செக்ரோலில் லச்சிமி. சிங்களத்தில் பதிந்த பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார், கணக்கப்பிள்ளை தன் வாயில் வந்ததை எழுதினார், ஆங்கிலத்தில் மாற்றியவர் தன் பங்குக்கு ஓர் எழுத்தைக் கூட்டினார். மூன்றும் ஒரே ஆள் என்று எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். கனடாவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பவருக்கு அவர்கள் மூன்று பெண்கள். கணக்கில் காசு வைத்திருக்கும் பெண் என் தாய்தானா என்பதே அங்கே சந்தேகமாகிவிடும்.

இதற்கு மருந்து சத்தியக் கடதாசி. இந்த மூன்று பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கின்றன, அவரது அடையாள அட்டை எண் இது, எந்தெந்த ஆவணத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்றெல்லாம் விவரமாக எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிட வேண்டும். தோட்டப் பகுதிகளில் ஜே.பி. ஐயாமாருக்குக் குறைவில்லை. ஆனால் பலர் வைத்திருக்கும் பழைய மாதிரி, “மேற்படி பெயர்கள் யாவும் என்னையே குறிக்கும்” என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அது போதாது. ஆவணத்தின் பெயரும் இலக்கமும் வரிசையாக இருக்க வேண்டும். இதே கடதாசி அம்மாவின் ஈ.பி.எப். எடுக்கும்போதும் தேவைப்பட்டது. ஈ.பி.எப். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்தாமல் வருடக்கணக்காக அலைகிறவர்கள் எங்கள் டிவிஷனிலேயே இருக்கிறார்கள். ஆகவே வெளிநாடு போகிற யோசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோருடைய பெயரையும் ஒருதரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. உத்தேச வயதுச் சான்றிதழ்தான். குடும்ப விவரப் படிவத்தில் பெற்றோரின் பிறந்த திகதி கேட்பார்கள். உத்தேச வயதில் வருடம் மட்டும் உறுதி. அடையாள அட்டையில் ஒரு திகதி இருந்தது, அதையே எல்லா இடத்திலும் போட்டேன். பழைய அட்டையின் இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண்கள் ஆண்களுக்கு அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக நீங்கள் எழுதும் திகதிக்கும் இலக்கத்துக்கும் பொருந்தாவிட்டால் தெரிந்த ஆள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஏன் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்கு விளக்கக் கடிதத்தில் இரண்டே வரி எழுதினேன். 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆக்கப்பட்டதும், எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை கிடைத்ததும் அதில் அடங்கிவிட்டது. அதற்கு மேல் அதிகாரிக்கு வரலாற்றுப் பாடம் வேண்டியதில்லை. எழுத உட்கார்ந்தால் நமக்குப் பக்கம் பக்கமாக வரும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வருவோம். மற்ற மாணவர்களின் கோப்பில் காணி உறுதியும் மதிப்பீட்டு அறிக்கையும் இருக்கும். நாங்கள் இருக்கும் லயத்து அறையான காம்பரா கம்பனி நடத்தும் தோட்டத்தைச் சேர்ந்தது. 1992க்குப் பிறகு கம்பனிகள் கைக்கு வந்த காணி, அதற்கும் அடியில் அரசாங்கத்தினுடையது. எங்கள் பெயரில் ஒரு துண்டும் இல்லை. விலாசம் என்று எழுதப் போனாலோ, படிவம் வீட்டு இலக்கமும் வீதியின் பெயரும் கேட்கிறது. நான் டிவிஷன், லயத்தின் எண், தோட்டத்தின் பெயர், தபால் நிலையம் என்று எழுதினேன். கிராம அலுவலர் சான்றிதழில் எப்படி இருந்ததோ அதே வரிசையில், ஓர் எழுத்தும் மாறாமல். பாஸ்போர்ட் விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகப் பதிவு எல்லாவற்றிலும் அதே வரிசை இருப்பது நல்லது. சிலர் கொழும்பில் உள்ள மாமா வீட்டு விலாசத்தைப் போட்டால் மதிப்பாக இருக்கும் என்று சொன்னார்கள். அப்படிப் போட்டால் கிராம அலுவலர் சான்றிதழ் ஓர் ஊரைச் சொல்லும், படிவம் இன்னோர் ஊரைச் சொல்லும்.

சொத்து இல்லாதவருக்கு வரும் உண்மையான சிக்கல் வேறு. கனடாவின் குடிவரவு விதிகளில் 216ஆவது விதி, அனுமதிக் காலம் முடிந்ததும் இவர் நாட்டை விட்டுப் போவார் என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும் என்கிறது. நிராகரிப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் காரணமும் அதுதான். காணி, வீடு இருந்தால் அதைக் காட்டித் திரும்பி வருவேன் என்று சொல்லலாம். இல்லாதவர் படிப்பைத்தான் காட்ட வேண்டும். ஆகவே படிப்புத் திட்டக் கடிதம் எங்களுக்குப் பெயருக்கு எழுதுகிற கடிதம் அல்ல. மற்றவர்களுக்குக் காணி உறுதி செய்கிற வேலையையும் அதுவே செய்ய வேண்டியிருக்கிறது.

ஏஜென்சிகள் தரும் மாதிரிக் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். கனடா அழகான நாடு, பல்லினக் கலாசாரம், உலகத் தரக் கல்வி, திரும்பி வந்து தாய்நாட்டுக்குச் சேவை. யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்தும். நான் எழுதியது எங்கள் மலையைப் பற்றி. 2021-இல் இரசாயன உரம் இறக்குமதி செய்யத் தடை வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள் என்றாலும், அதற்குப் பிறகான மாதங்களில் கொழுந்து இல்லை. நிர்ணயித்த கிலோ வந்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், இல்லாவிட்டால் அரைப் பேர். அம்மா அரைப் பேரோடு திரும்பிய நாட்கள் எனக்குத் தெரியும். தேயிலைக்கு அமில மண் வேண்டும், ஆனால் வருடக்கணக்காக உரம் போடும்போது மண் அளவுக்கு மீறி அமிலமாகிறது. அதனால்தான் கவ்வாத்து வெட்டும் காலத்தில் அமிலத்தைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போடுகிறார்கள். உரம் குறையும்போது இந்த மண்ணில் என்ன நடக்கிறது, எவ்வளவு உரம்தான் உண்மையில் தேவை என்பது எங்கள் ஊருக்கு வயிற்றுப் பிரச்சினை. அதை அளக்கும் முறைகளை நான் சேரப் போகும் ஆய்வுகூடம் செய்கிறது என்றும், என் மேற்பார்வையாளரின் ஆய்வோடு அது எங்கே சேர்கிறது என்றும் எழுதினேன். திரும்பி வந்தால் எங்கே வேலை என்பதற்கும் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவனமே தலவாக்கலையில்தான், சென். கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. எங்கள் லயத்திலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். அப்படிப்பட்ட பதவிகளுக்கு முதுமாணிப் பட்டம் ஏன் உதவும் என்று ஒரு பந்தி.

உங்கள் துறை கணக்கியலாக இருக்கலாம், தாதியியலாக இருக்கலாம். கடிதத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டால் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

ஏஜென்சி பற்றிக் கொஞ்சம். பொகவந்தலாவையில் என் மாமா மகன் ஒருவன் கொலிஜ் படிப்புக்கு ஓர் ஏஜென்சி மூலம் போட்டான். அவர்களே ஒரு கணக்கில் காசைப் போட்டுக் காட்டினார்கள், அவர்களே ஈமெயிலும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டார்கள். தன் பெயரில் என்ன போயிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. நிராகரிப்பு வந்தபோது அந்தக் கடிதத்தையும் அவர்கள் காட்டவில்லை, “அடுத்த இன்டேக் பார்ப்போம் தம்பி” என்று மட்டும் சொன்னார்கள். பொய்யான தகவலோ ஆவணமோ கொடுத்தது தெரியவந்தால் கனடா ஐந்து வருடம் தடை போடும். அந்தத் தடை விழுவது விண்ணப்பதாரர் மேல்தான், ஏஜென்சி மேல் அல்ல. காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடிவரவு விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்கிறவர் அதற்கான உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், அவர்களுடைய பதிவை ஒன்லைனில் யாரும் தேடிப் பார்க்கலாம். படிவத்தில் பிரதிநிதி என்று தன் பெயரைப் போட மறுக்கிற ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதம் போலியானால் இப்போது தப்பவும் முடியாது. 2023 டிசெம்பர் 1 முதல் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் குடிவரவுத் துறை நேராகக் கல்வி நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்கிறது. நிராகரிக்கப்பட்டவர்களுக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2025 ஜூலைக் கடைசியிலிருந்து அதிகாரி எழுதிய குறிப்புகளையும் கடிதத்தோடு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அதை வாசிக்காமல் திரும்பப் போடுவது வீண்.

மாகாண உறுதிக் கடிதம் என்று ஒன்றும் 2024 ஜனவரியில் வந்தது, தன் ஒதுக்கீட்டில் மாணவருக்கு இடம் உண்டு என்று மாகாணம் தருவது. பி.ஏ.எல். என்பார்கள். நான் போட்ட காலத்தில் முதுமாணிக்கும் அது தேவைப்பட்டது, பல்கலைக்கழகமே எடுத்து அனுப்பியது. 2026 ஜனவரி 1 முதல் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணி, கலாநிதிப் படிப்புக்கு அது வேண்டியதில்லை. கொலிஜ், இளமாணிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இன்னும் வேண்டும்.

ஒன்லைனில் ஏற்றும்போது ஓர் இடத்துக்கு ஒரே ஒரு கோப்புத்தான், அதுவும் 4 எம்.பி.க்குள். எங்கள் கோப்போ சத்தியக் கடதாசி, மொழிபெயர்ப்பு, துண்டு என்று தடித்தது. போனில் பிடித்த படங்களை அப்படியே போட்டால் கொள்ளாது. ஸ்கேன் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஒன்றாகச் சேர்த்து, முதல் பக்கத்தில் பொருளடக்கம் போட்டேன். எந்தப் பெட்டியிலும் அடங்காதவற்றுக்கு மேலதிகத் தகவல் என்று ஒரு பெட்டி இருக்கிறது, விளக்கக் கடிதம் அங்கே போகும். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள ஒவ்வொன்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் மூலமும் சேர்ந்தே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நான்காவதாக ஒரு லெட்சுமி பிறந்துவிடுவார். ஸ்கேன் எடுத்தவற்றை அழிக்கவும் வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மண்ணுக்குள் போன வீடுகளோடு கடதாசிகளும் போயின.

கட்டணம் 150 டொலர், கைரேகைக்கு 85, ஆக 235. கார்டில்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்காத டெபிட் கார்ட் கடைசிப் பக்கத்தில் காலை வாரும், வங்கியில் முன்பே சொல்லித் திறந்துவையுங்கள்.

கைரேகையும் மருத்துவப் பரிசோதனையும் கொழும்பில். தனித்தனி நாளாக அலையாமல் இரண்டையும் ஒரே நாளில் பொருத்திக்கொண்டால் மலையிலிருந்து போகிறவர்களுக்குக் காசு மிச்சம். மருத்துவத்தைக் கனடா அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும், விண்ணப்பத்துக்கு முன்பே செய்துகொள்ளலாம். கைரேகை பத்து வருடத்துக்குச் செல்லும்.

பாஸ்போர்ட்டின் காலாவதித் திகதியைப் பலர் கவனிப்பதில்லை. படிப்பு அனுமதி பாஸ்போர்ட்டைத் தாண்டி நீளாது. இரண்டு வருடப் படிப்புக்கு ஒன்றரை வருடமே மிச்சமுள்ள பாஸ்போர்ட்டோடு போனால் அங்கே போய்த் திரும்ப நீடிக்க வேண்டும், திரும்பக் காசு. 2024-இல் பத்தரமுல்லையில் பாஸ்போர்ட்டுக்கு இரவிலேயே வரிசை பிடித்தவர்களைப் பார்த்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

சம்மதம் வந்ததும் ஒரு கடிதம் வரும், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டித் தருவார்கள். இரண்டுமே படிப்பு அனுமதி அல்ல. அனுமதி என்ற தாள் கனடாவில் இறங்கிய பிறகு, விமான நிலையத்தில் குடிவரவு மேசையில் அச்சடித்துக் கையில் தரப்படுவது. அந்தக் கடிதத்தையும் நிதிக் கடிதத்தையும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டால் அந்த மேசையில் உதவாது. நீண்ட பயணத்துக்குப் பிறகு கால் கடுக்க வரிசையில் நிற்கும்போது, தாளை வாங்கியதும் வெளியே ஓடத்தான் தோன்றும். அங்கேயே நின்று பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி ஆகியவற்றைப் பாருங்கள். முடிவுத் திகதி வழக்கமாகப் படிப்பு முடிந்து 90 நாள் வரை இருக்கும். வளாகத்துக்கு வெளியே வேலை செய்யலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 நவம்பரிலிருந்து அது படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 24 மணித்தியாலம். பிழை இருந்தால் அந்த அதிகாரியிடமே சொல்லி, கையோடு திருத்தி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.